தொட்டி எண் மூன்று, புதுவயல்

நெல் ஊறிய தொட்டியில்
இப்போது ஒரு கப்பல் ஊறுகிறது.
கப்பல் என்றால் முழுக் கப்பல் இல்லை.
ஏராக்கட்டையில் ஒரு துண்டு,
ஏழு வங்குக்கால்,
சரக்காக வந்து சரக்காகவே மூழ்கிய
பதினோரு தேக்குத் தடி.

மூடிப்போன அரிசி ஆலை இது.
தொண்டிக் கடலுக்கு இங்கிருந்து
பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.
வேறெங்கும் இவ்வளவு நீளத்தில் தொட்டி கிடைக்கவில்லை.

நான் திட்டத்தின் கணக்காளர்.
திட்டத்தின் பெயர்
படிவத்துப் பெட்டிக்குள் அடங்காது.
முதல் தவணையில்
பம்ப் வாங்கினோம், கையுறை வாங்கினோம்,
தொடக்க விழாவுக்கு பேனரும் வாங்கினோம்.
பேனருக்குத் தலைப்பு இருக்கிறது, நான்கு பிரிவு ஆ.
தண்ணீருக்கு இல்லை.
கடலில் கிடந்ததற்குத் தண்ணீர் எதற்கு என்று
யாரோ ஓர் அதிகாரி
நியாயமாகத்தான் நினைத்திருக்கிறார்.

முதல் நாள் பாடமே அதுதான்.
காய்ந்தால் போச்சு.
நூறு வருஷம் உப்புக்குள் தாக்குப்பிடித்த மரத்தை
ஒரு சித்திரை மதியம்
பிஸ்கட்டாக்கிவிடும்.

பயிற்சிக்கு ஆறு பேர்.
ஜெரோன் சங்கு குளிக்கிறவர்.
ஆறு பாகம் கீழே கண் திறந்து பார்ப்பார்.
தரையில் சம்மணமிட்டு
ஒரு ஆணித் துளையைப் பென்சிலால் அளந்து வரையச் சொன்னால்
மூச்சு முட்டுகிறது அவருக்கு.
தடியை முதலில் கண்டவர் அவர்.
பழைய தேக்குக்குக் காரைக்குடிக் கடைகளில் என்ன விலை என்று
அவருக்குத் தெரியாதா?
தினப்படி நானூறு.
அதிலும் மாசி மாதத்தது பாக்கி.

நூருல் ஐன் பாலிடெக்னிக் முடித்தவள்.
நங்கூரத்தின் ஒற்றைக் கை அவள் பொறுப்பு.
காரக் கரைசலில் முக்கி,
எறும்பு ஊர்வதுபோல் மின்சாரம் விட்டு,
இரும்பிலிருந்து கடலைக் கழற்றுகிறாள்.
வாரம் ஒருமுறை சோதனை:
கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் கரைசல்,
முதலில் அமிலம்,
பிறகு வெள்ளி நைட்ரேட் இரண்டு சொட்டு.
பால் மாதிரி வெளுத்தால்
உப்பு இன்னும் இருக்கிறது.
வெளுக்கும்.
எழுதிக்கொள்வாள்.

பங்குனி பிறந்தும் இரண்டாம் தவணை வரவில்லை.
லாரிக்காரர் சுப்பாணி
கேட்டில் நின்று ஹாரன் மட்டும் அடித்தார்.
தொட்டியில் தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது.
ஈரச் சாக்கு போட்டோம்.
சாக்குக்கும் தலைப்பு இல்லை.

அந்த வாரம்தான்
தூரிகை பட்டு ஐந்தாம் தடியில் எழுத்து தெரிந்தது,
உளியால் கொத்திய விலாசம்:
சா. வீ. ரும.
ஊர் ஊராக ஃபோன் போட்டோம்.
நான்காம் நாள்
பள்ளத்தூரிலிருந்து உமையப்பன் வந்தார்,
கூடவே ஒரு மினி லாரி.

குனிந்து எழுத்தைத் தடவினார்.
செல்லை எடுத்தார்.
பழைய பேரேட்டின் ஒரு பக்கம், படமாக.
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.
தடி பதினொன்று. கடலோடு போனது.
இன்சூரன்ஸ் வரவு.
கீழே இரட்டைக் கோடு.

“பணம் வாங்கியாச்சு” என்றார்,
தனக்கே பிடிக்காத ஒன்றைச் சொல்பவர் மாதிரி.
“அப்ப எங்களது இல்ல.”
சற்று நின்று,
“ரெண்டாங்கட்டுல ஒரு வரிசை மட்டும்
கல் தூண். பதினொண்ணு.
ஏன்னு இன்னிக்குத்தான் தெரியுது.”

மினி லாரி காலியாகத் திரும்பியது.
அவர் திரும்பவில்லை.
“தண்ணி லோடு என்ன?”
இரண்டுக்கு எண்ணிக் கொடுத்தார்.
ரசீது கேட்டார், விலாசத்தின் பேரில்.

நன்கொடையா?
வாங்கும் அதிகாரம் எனக்கில்லை.
வாடகையா? எதற்கு?
பேனாவை வைத்துக்கொண்டு
அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
வெளியே சுப்பாணி குழாயைச் செருகிவிட்டார்.
தொட்டி நிறையும் சத்தம்.
கடைசியில் எழுதினேன்:
வரவு, தண்ணீர். சா. வீ. ரும.

தணிக்கையில் கேட்பார்கள்.
கேட்கட்டும்.

நேற்று நூருல் ஐன் லீவு.
குழாயை நான் பிடித்தேன்.
கை நடுங்கியது, மூன்று சொட்டு விழுந்துவிட்டது.
வெளுத்தது.
தேதி போட்டு,
அவள் எழுதுவதுபோலவே எழுதினேன்:
இன்னும் இருக்கிறது.